பள்ளிக்கூடத்தை நோக்கி நகர்ந்த வீடுகள்

அந்தப் பள்ளிக்கூடத்தைச் சுற்றியிருந்த வீடுகள் நகர ஆரம்பித்தது, வாடகை ஏறிய அதே கோடையில்தான். வாடகையைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் புலம்பினார்கள். பள்ளி வாசலுக்கு யார் வீடு கிட்டத்தில் இருக்கிறதோ அவர்கள் பிள்ளைக்கே முதல் இடம் என்பது விதி. பள்ளி எழுத்தர் நாடாவோடு வந்து அளந்துவிட்டுப் போவார். அதனால் தெருவில் ஒரு பழக்கம் பரவியது. குடிவந்த கையோடு கட்டில், பீரோ, தையல் மெஷின், தண்ணீர் டிரம் என்று கனமான சாமான் அத்தனையையும் பள்ளியைப் பார்த்த சுவரோடு தள்ளி வைத்தார்கள். ஓர் அங்குலமாவது முந்திக்கொள்ளலாம் என்ற நப்பாசை. அளப்பது வாசற்படியிலிருந்து, பீரோவிலிருந்து இல்லை என்று எழுத்தர் தலையில் அடித்துக்கொண்டார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இவ்வளவு பாரமும் ஒரே பக்கம் சேர்ந்தால் வீடு என்ன செய்யும்? நகர்ந்தது.

பஸ் பணிமனை மெக்கானிக்கும் அவர் மனைவியும் இதெல்லாம் தெரிந்துதான் அங்கே குடிவந்தார்கள். பணிமனைக்குப் பக்கத்தில் பாதி வாடகைக்கு வீடு கிடைத்தது, பள்ளிதான் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு பார்த்தார்கள். அங்கிருந்து எல்லாமே தூரம். மனைவி வேலை பார்த்த மருந்துக்கடை பள்ளித் தெரு முனையிலேயே இருந்தது. மகளுக்கு ஐந்து வயது. "நான் ரெண்டு பஸ் மாறிப் போய்க்கிறேன். தூக்கம்தானே போகும், போகட்டும்," என்றார் மெக்கானிக்.

"சமையல்கட்டுப் பக்கம்தாங்க ஸ்கூல் இருக்கு. பீரோவை அங்க தள்ளுங்க," என்றாள் மனைவி. அவர் தோள் கொடுத்துத் தள்ளினார். தரை முனகியது. பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

மகளுக்கு இடம் கிடைத்தது. வீடுகள் நிற்கவில்லை. தெரு முதலில் சந்தானது, பிறகு ஒருக்களித்து நடக்கும் இடுக்கானது. எதிரெதிர் ஜன்னல்கள் ஒட்டிக்கொண்டன. பகலிலும் விளக்கு எரிந்தது. மருந்துக்கடையும் அந்த நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டதால், மனைவி ஒரு ஜன்னலைத் தாண்டினால் வேலைக்குப் போய்விடலாம். மகள் சமையலறை ஜன்னல் வழியாக நேரே வகுப்பறைக்குள் இறங்கினாள். பள்ளி இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டதே என்று வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். நியாயம்தானே என்று கொடுத்தார்கள். மெக்கானிக் மட்டும் தினமும் வயிற்றை எக்கிக்கொண்டு போய்வந்தார். சட்டைப் பொத்தான்கள் சுவரில் உரசித் தெறித்தன.

"காலி பண்ணிடலாமா?" என்று ஒருநாள் கேட்டார்.

"காலி பண்ணினா சீட்டும் போயிடுமேங்க. பத்தாவது முடியிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்குவோம்."

"அதுக்குள்ள இந்த வீடு என்னைக் காலி பண்ணிடும் போலிருக்கு."

இருவரும் சிரித்தார்கள்.

ஒரு மாலை அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது இடுக்கு மூடியிருந்தது. சுவரோடு சுவர் சேர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார், விரல்நகம்கூட நுழையவில்லை. மகளைப் பெயர் சொல்லிக் கத்தினார். வெளியே பார்த்த ஜன்னலில் நின்ற ஓர வீட்டுப் பெண் அதைக் கேட்டு அடுத்த வீட்டு ஜன்னலில் சொன்னாள், அவர்கள் அதற்கடுத்த வீட்டில் சொன்னார்கள். அவர் பணிமனைக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்துக்கொண்டார். வீட்டு வாடகையையும் மகளின் நோட்டுப்புத்தகங்களையும் அதே ஓர ஜன்னலில் கொடுத்தால் கைமாறிப் போய்ச் சேர்ந்துவிடும். அவரைப் போலவே வெளியே நின்றுபோன அப்பாக்கள் பலர் இருந்தார்கள். மாலையில் அங்கே கூடுவார்கள். பஸ் நேரம் பற்றிப் பேசிக்கொள்வார்கள். அவர்களைத் தாண்டி, புதிதாக வந்த குடும்பங்கள் பீரோக்களை இறக்கிக்கொண்டிருந்தன.

வருஷங்கள் ஓடின. வீடுகள் இறுக இறுக, உள்ளேயிருந்து பதில் வருவதும் தாமதமானது. மகளுக்குக் காய்ச்சலா என்று அவர் கேட்டதற்குக் காய்ச்சல் விட்ட பிறகு பதில் வரும். வாய் மாறி வாய் மாறி வந்ததில், கேட்பது யார் குரல் என்பதும் பிடிபடவில்லை. மகளுக்கும் இதற்குள் குரல் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மாலையும் ஓர ஜன்னலில் ஒரு பெண்பிள்ளையின் குரல் கேட்டது.

"அப்பா, சாப்பிட்டியா?"

சுவரோரம் நின்ற அத்தனை அப்பாக்களும் ஒரே நேரத்தில், "சாப்பிட்டேன்மா," என்றார்கள்.