டொக்குவின் கடைசி எபிசோட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, ஆம்பூரிலிருந்து வேலூர் போகிற பஸ்ஸில் திருடியது. முன்சீட்டில், கழுத்தில் ஃபேக்டரி அடையாள அட்டை தொங்க, ஓர் அக்கா போனில் கத்தினார்: “அதுக்கு ஜோடியே கெடையாதும்மா! தெச்சவ நான் சொல்றேன்!” அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளிகொண்டாவில் இறங்கவேண்டிய நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே வேலூர் வரை போய்விட்டேன். என் காதில் விழுந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் புளுகு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பாலாற்று மணலில் அந்தி சாய்கையில், ஒற்றைக் காலணியொன்று தன் துணையை எண்ணி—”

வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது. கதை கிறிஸ்டினாவினுடையது, அவளிடமே போவோம்.

கிறிஸ்டினா பாகாயத்தில் ஒரு மாடிவீட்டில் உட்கார்ந்து டிவிக்குக் கார்ட்டூன் தொடர் எழுதுகிறவள். நாயகன் பெயர் டொக்கு. ஒரு கறுப்பு ஸ்கூல் ஷூ, அதுவும் ஒற்றை ஷூ. தொலைந்துபோன ஜோடியைத் தேடி ஊர் ஊராக நொண்டிக்கொண்டு போகும். துணைக்கு மூக்குமேல் கோபம் வரும் ஒரு முள்ளுக் கத்திரிக்காயும், காற்றடித்தால் பறந்துவிடும் குடியாத்தம் லுங்கியும். (லுங்கியை நான் சேர்த்தேன். கத்திரிக்காய் அவளுடையது.) ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகள் பல்கூட விளக்காமல் டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். பெரியவர்களும் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள்.

இருபத்தைந்து எபிசோட் முடிந்தது. கடைசியை அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். சேனல்காரர் கார்முகிலன் கறாராகச் சொல்லிவிட்டார்: “மேடம், ஜோடி கெடைச்சிடணும். மேளதாளத்தோட முடிங்க. அப்பத்தான் ரெண்டாவது சீசன் பத்தி நான் மேல பேச முடியும்.”

இரண்டாவது சீசன் இல்லையென்றால் டொக்கு அத்தோடு சரி. இத்தனை சந்தோஷமாகக் கிறிஸ்டினா வேறெந்த வேலையும் செய்ததில்லை.

3

காலை பதினொரு மணிக்குக் கீழ்வீட்டு பில்கிஸ் மாடியேறி வந்தார். ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில், சாம்பிள் செக்‌ஷனில், பத்தொன்பது வருஷமாகத் தைக்கிறவர், அன்று லீவு. (பஸ்ஸில் போனில் நடந்ததை மாடிக்கு ஏற்றிவிட்டேன். நேருக்கு நேர் நின்றால்தான் சண்டை களைகட்டும்.)

“இன்னா கிறிஸ்டி, போன வாரம் டொக்கு பொறந்த கதைன்னு பொட்டிக்குள்ள ரெண்டு ஷூவக் காட்டினியே. யாரு அந்த இன்னொருத்தன்?”

“அதாங்க்கா ஜோடி. தொலைஞ்சிபோச்சில்ல.”

“எங்க தொலைஞ்சிது?”

கிறிஸ்டினா மேஜையைக் காட்டினாள். அவள் குடிவந்த புதிதில் பில்கிஸ் கொடுத்த ஒற்றை ஷூ அங்கே பேனா, பென்சில்களைச் சுமந்துகொண்டு நின்றது. “இத வெச்சித்தான்க்கா டொக்குவே வந்துது. ஒண்ணுதான் குடுத்தீங்க. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா சங்கடப்படுவீங்களேன்னு கேக்கல.”

பில்கிஸ் ஷூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“அடிப்பாவி! அது சாம்பிள்டி. சாம்பிள ஒத்தக் கால்தான் தெப்போம். பாத்து ஓகே சொல்றதுக்கு ஒண்ணு பத்தாதா? அது பாஸானப்புறம்தான் ஜோடி ஜோடியா ஓடும். நான் தனியா தெச்சி, மொத தடவையிலேயே பாஸான சாம்பிள் இது. ஆர்டர் முடிஞ்சதும் கேட்டு வாங்கினு வந்தேன். பெருமையா உன் கையில குடுத்தா, இருபத்தஞ்சு வாரமா அத அழ வெச்சினுகீற!”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். கிறிஸ்டினாவுக்கு வெட்கமாகப் போயிற்று.

4

இங்கே எனக்கொரு சபலம் தட்டியது. கிறிஸ்டினாவைக் கல்யாணம் ஆகாதவளாக்கிவிட்டால் ஷூவும் அவளும் கச்சிதமாகப் பொருந்துவார்கள், நாலு பேர் மெச்சுவார்கள். எழுதியும் பார்த்தேன்: “அவளும் ஒரு ஒற்றை—”

சீ. அவளுக்குப் புருஷன் இருக்கிறான். நெமிலிக்கு வேலையாகப் போயிருக்கிறான், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான். போதுமா?

முடிவுக்கு வருவோம். ஜோடி கிடைக்கிறது என்று எழுதினால் கார்முகிலன் குஷியாகிவிடுவார், ஆனால் பில்கிஸ் முகத்தில் எப்படி விழிப்பது? ஜோடியே கிடையாது, தனியாகப் போ என்று டொக்குவை அனுப்பினால் இத்தனை வாரம் காத்திருந்த பிள்ளைகள் ரிமோட்டைத் தூக்கி அடிக்கும். அடிக்கவும் வேண்டும்.

மூன்றரை மணிக்குக் கிறிஸ்டினா கீழே போனாள். பில்கிஸ் துணி மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“அக்கா, பாஸான சாம்பிள என்ன பண்ணுவாங்க?”

“சீட்டுக் கட்டி, தெக்கிற லைன்ல மாட்டுவாங்க. அதப் பாத்துப் பாத்துத்தான் எல்லாரும் தெப்பாங்க.”

“அப்ப வெளிய போன ஷூவெல்லாம்?”

“எல்லாம் அதோட சாயல்தான். பின்ன?”

கிறிஸ்டினா இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள்.

5

டொக்கு ஒரு பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறது. இடைவேளை மணி அடிக்கிறது. திபுதிபுவென்று பிள்ளைகள் வெளியே ஓடிவருகிறார்கள். கால்களில் எல்லாம் கறுப்பு ஷூ, எல்லாவற்றுக்கும் டொக்குவின் மூஞ்சி. டொக்கு வாயைப் பிளந்து நிற்கிறது. பிள்ளைகள் மண்ணில் பெரிய வட்டம் கிழித்து நொண்டி ஆடத் தொடங்குகிறார்கள். ஆளுக்கொரு காலைத் தூக்கிக்கொண்டு டொக்கு, டொக்கு, டொக்கு. நம் டொக்குவும் உள்ளே குதிக்கிறது. உன் ஜோடி எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காலே இல்லாத கத்திரிக்காய்க்கு மட்டும் கோபம்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அனுப்பிவிட்டு, கீழே போய்ப் படித்துக் காட்டினாள். கத்திரிக்காய் வந்த இடத்தில் பில்கிஸ் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்பத்தான்டி இது என் ஷூ,” என்றார்.

அப்போது போன் அடித்தது. கார்முகிலன்.

6

அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒரு பிரதியில் சரியென்றார், இன்னொன்றில் முடியவே முடியாது என்றார். இரண்டையும் கிழித்துவிட்டேன். போனை நீங்களே எடுங்கள். சீசன் உண்டா இல்லையா, உங்கள் பாடு. ஆனால் அந்த மனுஷன் எவ்வளவு கெஞ்சினாலும் டொக்குவுக்கு ஒரு ஜோடியைத் தேடிக் கொடுத்துவிடாதீர்கள். கீழ்வீட்டில் ஓர் அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.