வெட்டாத வயர்

வாப்பாவின் அடையாள அட்டையை எடுத்துப்போக றஹீமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, அவளுடைய புருசன் றாஸிக் காருக்குப் பின்னால் குந்தியிருந்து கமெராவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

வாப்பா மௌத்தாகி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மையித்து ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் கிடக்கிறது. உள்ளே உம்மா பாஹிமாவைச் சுற்றியிருந்து பெண்கள் ஓதுகிறார்கள். காருக்கும் மதிலுக்கும் இடையில் யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் இந்த மனுசனுக்கு ஸ்குரூ கழற்ற நேரம் கிடைத்திருக்கிறது.

"என்ன செய்றீங்க?"

றாஸிக் திடுக்கிட்டுத் திரும்பினான். கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. அழுதுகொண்டே களவெடுக்கிறானே என்று ஆத்திரம்தான் வந்தது.

"காக்காதான் கழட்டச் சொன்னாரு. பொலிஸ் வந்து பாத்தா தேவையில்லாத கேள்வி வருமாம்."

"என்ன கேள்வி வரும்?"

அண்ணன் பேரைச் சொல்லிவிட்டு அவன் நிலத்தைப் பார்த்தான். கமெரா ஒற்றை ஸ்குரூவில் தொங்கிக்கொண்டிருந்தது. பெருவிரல் அளவு சாமான். அதன் பின்னால் ஒரு சிறிய வெள்ளை வயர், வளையமாக, வெட்டப்படாமல் அப்படியே இருந்தது.

அவளுடைய வாப்பா பக்கீர் முகைதீன் முப்பத்தொரு வருடம் அரச பஸ்ஸில் கொண்டக்டர். பென்சன் எடுத்த பிறகும் மனுசன் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. வீட்டு வளவுக்குள் கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடும் எழும்பி வந்துவிடுவார். காரின் பின்னால் நின்று உள்ளங்கையால் இரண்டு தட்டு: வரலாம். ஒரு தட்டு: நில். "ஒரு தட்டுக்கு நிக்காத டிரைவரோட நான் ஒரு நாளும் வேல செஞ்சதில்ல" என்று பெருமை வேறு. வீட்டுக்கு முன்னால் உள்ள சந்து, அந்த ஒழுங்கையோ ஒடுக்கம். கேற்றுக்கும் மதிலுக்கும் இடையில் காரைப் பின்னால் எடுப்பது லேசான காரியமும் இல்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "மாமனார் கொண்டக்டர், மருமகன் டிரைவர், இண்டைக்கு எந்த ரூட்டு மச்சான்?" என்று நாளாந்தம் ஒரு கேலி.

றாஸிக்குக்கு அது ஏறிக்கொண்டே வந்தது. இருப்பது பொண்டாட்டியின் சீதன வீட்டில்; காராவது தன் கையில் இருக்க வேண்டாமா? காரின் பின்பக்கத்தை முன்னால் ஒரு திரையில் காட்டும் கமெராவுக்கு ஒன்லைனில் ஓடர் கொடுத்தான். கல்முனையில் ஒரு மணித்தியாலத்தில் பூட்டித் தரும் ஆட்கள் இருக்க, போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் புதன்கிழமை முழுக்கத் தானே பூட்டினான்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து றஹீமாதான் அதைக் கண்டுபிடித்தாள். இடப்பக்கம் மதிலோரம் நின்ற முருங்கை மரம், திரையில் வலப்பக்கம் நின்றது.

"இஞ்ச பாருங்க, படம் இடம் வலமாக் கிறுகி இரிக்கி."

"அது அப்பிடித்தான். பழகினா சரி வரும்."

அவள் கமெராப் பெட்டிக்குள் இருந்த துண்டுக் கடதாசியை எடுத்து வாசித்தாள். விளங்காமல், பாண்டிருப்பில் கார் வயர் வேலை செய்யும் குணத்துக்குப் போன் எடுத்தாள். அவருடைய மகள் இவளிடம்தான் படிக்கிறாள்.

"அதில வெள்ளை வயர் ஒண்டு வளையமா நிக்கும் டீச்சர். அத வெட்டிவிட்டாப் படம் சரியாத் திரும்பிரும். ஒரு நிமிச வேல. இல்லாட்டி கார அனுப்புங்கோ, நானே செய்து தாறன்."

ஒரு நிமிச வேலை. இதைச் சொன்னதற்கு வீட்டில் ஒன்றரை மணித்தியாலம் சண்டை. "என்ட காரப் பத்தி ஊரான்ட ஏன் கேக்கிற? எனக்கு வேல தெரியா எண்டு ஊரெல்லாம் பறையடிக்கயா?" குறடு மேசையில் கிடந்தது. வீம்புக்கு அவன் அதைத் தொடவே இல்லை. அவளாவது எடுத்து வெட்டியிருக்கலாம். அந்த நினைப்பு காலையிலிருந்து அவளைப் பிடுங்கித் தின்கிறது. தன்மீது வந்த கோபத்தையும் சேர்த்து அவன்மீதே போட்டுக்கொண்டிருந்தாள்; அது நியாயமா என்று பார்க்கும் நிலையில் அவள் இல்லை.

இன்று சனிக்கிழமை. மருதமுனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போக றாஸிக் காரை எடுத்தான். அவள் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். வாப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து, ஒரு தட்டு. பலமாக. பிறகு மதிலில் கார் மோதும் சத்தம்.

ஓடிப் போனபோது வாப்பா இடப்பக்க மதிலோரம் சாய்ந்து கிடந்தார். றாஸிக் பித்துப் பிடித்தவன் மாதிரி தலையில் அடித்துக்கொண்டு ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்: "திரையில வலப்பக்கம் நிண்டாரு புள்ள. விலத்தத்தான் நான் இடப்பக்கம் ஒடிச்சன். விலத்தத்தான் ஒடிச்சன்."

ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. அந்த வசனமும் அங்கேயே போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலில் றாஸிக்கின் காக்கா, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் கச்சிமுகம்மது வந்து நின்றார். அவர் வாயிலிருந்து புது வசனம் வந்தது: "வளவுக்குள்ள பாசி வழுக்கி விழுந்து, மதில்ல தல அடிபட்டது." மையித்து பிரேத அறைக்குப் போய்ச் சேருமுன்னே, ஜனாஸா அடக்கம் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் சொல்லச் செய்துவிட்டார்.

இப்போது அவரும் ஒழுங்கைக்குள் வந்துவிட்டார்.

"மகள், அடையாள அட்டைய எடுத்தயா? கெதியா வா. விசாரிக்கிற ஐயா வந்துட்டாரு. விழுந்துட்டாரு எண்டு நீயும் செல்லிட்டயெண்டா மையித்த வெட்டாமத் தருவாங்க. இல்லாட்டி பிரேத பரிசோதன, வழக்கு, கம்பிக்குள்ள மறியல். எல்லாம் அல்லாஹ்ட நாட்டம். அத யாருக்கும் மாத்த ஏலா."

"ஒரு வயர வெட்டாம விட்டதும் அல்லாஹ்ட நாட்டமா?"

"நாவ அடக்கிக் கதை புள்ள."

"அல்லாஹ்ட பேர வச்சி நீங்க பொய் செல்லுங்க, நான் நாவ அடக்கிறன். நல்ல மார்க்கம்."

ஓதிய பெண்களின் குரல் ஒரு கணம் நின்று மறுபடியும் தொடங்கியது. றஹீமா உள்ளே போய் அலுமாரியில் அட்டையை எடுத்தாள். உம்மா தலையை நிமிர்த்தாமல் அவள் கையைப் பிடித்தாள்.

"வாப்பாவ வெட்ட விட்டுராத மகள். வந்த மாதிரி முழுசாப் போகட்டும்."

அங்கேதான் றஹீமாவின் கோபம் கால் தடுக்கியது. காக்காவோடு எவ்வளவும் மோதலாம். பிடித்த இந்தக் கையோடு எப்படி மோதுவது? றாஸிக்கைப் பொலிஸ் கொண்டுபோனால் நாளைக்கு உம்மா யார் முகத்தில் முழிப்பாள்? கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். தொங்கிக்கொண்டிருந்த கமெராவை ஒரே இழுவையாக இழுத்தாள். வயரோடு கையில் வந்தது. றாஸிக் தடுக்கவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

வழி முழுக்க அவளுக்கு வாப்பாவின் பழைய கதை ஒன்று நினைவில் ஓடியது. காரைதீவுச் சந்தியில் அவருடைய பஸ் ஒரு சைக்கிள்காரனை அடித்துவிட்டது. அவன் தானாக விழுந்தான் என்று சொல்லச் சொல்லி டிரைவர் காலில் விழாத குறை. வாப்பா கோர்ட்டுக் கூண்டில் ஏறி, "நான் ஒரு மணி அடிச்சன், அவர் நிப்பாட்டல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பல வருடம் கழித்து அந்த டிரைவர் மௌத்தானபோது தனியாகப் போனார். அந்த வீட்டில் அவரை யாரும் இரு என்றுகூடச் சொல்லவில்லை. நின்றுகொண்டே துஆ ஓதிவிட்டு நடந்து வந்தார். "கோவமா வாப்பா?" என்று கேட்டதற்கு, "அவங்கட கோவம் அவங்களுக்கு நியாயந்தானே" என்றார்.

திடீர் மரண விசாரணை அதிகாரி வயதான மனிதர். காற்றாடியின் கீழே கடதாசி பறக்காமல் இருக்க மூக்குக் கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்திருந்தார்.

"இருங்க தங்கச்சி. விழுந்து அடிபட்டதெண்டு உங்கட ஆக்கள் செல்றாங்க. நீங்க வீட்டுல இரிந்தீங்களா?"

"ஓம்."

கச்சிமுகம்மது கதவோரம் நின்று தொண்டையைச் செருமினார். பின்னால் இன்னொரு ஓட்டோவில் வந்த றாஸிக்கும் அங்கே நின்றான்.

"விழுந்தத நீங்க பாத்தீங்களா?"

"வாப்பா விழல்ல சேர்."

கைப்பையைத் திறந்து கமெராவை மேசையில் வைத்தாள். புதன்கிழமையிலிருந்து தொடங்கிச் சொன்னாள். முருங்கை மரம், துண்டுக் கடதாசி, குணம், சண்டை, மேசையில் கிடந்த குறடு, தான் அதை எடுக்காமல் விட்டது, இரண்டு தட்டு, ஒரு தட்டு. அதிகாரி இடையில் குறுக்கிடாமல் எழுதினார். முடிந்ததும் வெள்ளை வளையத்தை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க என்ன செல்றீங்க?"

காக்கா றாஸிக்கின் முழங்கையைப் பிடித்தார். றாஸிக் அதை உதறினான் என்று சொல்ல முடியாது. உதறும் தெம்பு அவனிடம் இல்லை. ஆனால் வாயைத் திறந்தான்.

"அவ செல்றது சரி சேர். தட்டின சத்தம் கேட்டிச்சி. நான் திரையத்தான் பாத்தன்."

றஹீமா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தட்டுச் சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கிறது. இது அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னதற்கு அவனை மெச்சுவதா, கேட்டும் நிற்காமல் விட்டதற்கு மேசையில் இருந்த கண்ணாடிக் கூட்டை எடுத்து எறிவதா என்று தெரியாமல் இருந்தாள்.

பகல் இரண்டு மணிக்குப் பிரேத பரிசோதனை. பொலிஸ்காரர் இருவர் வந்து றாஸிக்கையும் காரையும் கொண்டுபோனார்கள். ஜனாஸா லுஹருக்குப் பிறகு இல்லை, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு என்று ஒலிபெருக்கி திருத்திச் சொன்னது. ஏன் என்று சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் நின்ற ஒருத்தி, இவளுக்குக் கேட்க வேண்டும் என்றே மற்றவளிடம் சொன்னாள்: "புருசன மறியலுக்குக் குடுத்து, வாப்பாவ வெட்டக் குடுத்து. படிச்ச புள்ள வளத்தா இதான் கா." றஹீமா அவளை நேரே பார்த்தாள். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

புருசனை இழந்தவள் இருக்கும் இத்தாவுக்கு வெள்ளைச் சீலை உடுத்தி ஜன்னலோரம் இருந்த உம்மா, றஹீமா கொண்டுபோய் வைத்த கஞ்சியைத் தொடவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை.

நாலு மணி தாண்டி ஜனாஸா வாகனம் வந்தது. குளிப்பாட்ட வளவுக்குள் கொண்டுவர வேண்டும். கார் இல்லாததால் இடம் இருந்தது. டிரைவர் ஒழுங்கையில் வாகனத்தைத் திருப்பி, பின்பக்கமாக உள்ளே எடுத்தான். ஆண்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். பின்பக்கம் மெதுமெதுவாக மதிலை நோக்கிச் சாய்ந்தது.

ஜன்னலுக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"முட்டப் போகுது. ஆராவது பின்னால போய் நில்லுங்களன்."

யாரும் அசையவில்லை. மதிலில் பூச்சு உதிர்ந்த இடம் அப்படியே தெரிந்தது. கச்சிமுகம்மது ஒலிபெருக்கிக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்தில் போய் நிற்க ஒரு ஆம்பிளைக்கும் கால் வரவில்லை.

றஹீமா படியிறங்கி வந்தாள். முக்காட்டை இறுக்கிச் சொருகிக்கொண்டு, ஆண்களை விலக்கி, உதிர்ந்த பூச்சை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றாள்.

"பொம்புளப் புள்ள, நீ உள்ள போ" என்றார் யாரோ.

வாகனத்தின் முதுகில் உள்ளங்கையால் தட்டினாள். இரண்டு தட்டு. அது பின்னால் வந்தது.

"வலத்த ஒடிங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

கதவுக்கு அந்தப் பக்கம் வாப்பா இருந்தார். ஒரு முழத் தூரம் மிச்சம் இருந்தது. பிறகு ஒரு சாண்.

ஒரு தட்டு.

வாகனம் நின்றது.