ஒன்பதாம் வரிசைப் பட்டன்கள்

அறுவை சிகிச்சை வார்டின் பெரிய சிஸ்டர் வாயைத் திறந்தால் மூன்று மாடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிரும். அப்படி ஒரு தொண்டையைக் கொடுத்த கடவுள், மௌன நேரம் என்ற யோசனையையும் அவர் தலையிலேயே கொண்டுவந்து போட்டான் என்றால், அன்றைக்கு அவனுக்குப் பொழுது போகவில்லை என்றுதான் அர்த்தம்.

யோசனை இதுதான். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை வார்டில் மூச்சுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கூடாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வெளியே. கைப்பேசி வாயை மூட வேண்டும். மருந்து வண்டியின் சக்கரத்துக்கு எண்ணெய். அதுவரை அந்த வண்டி கிளம்பினால் நாலு தெரு தள்ளி நாய்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. இரண்டு மணி நேரம் நிம்மதியாகப் படுத்திருந்தால் நோயாளிகளுக்கு வலி குறையும் என்று சிஸ்டர் அடித்துச் சொன்னார். அடித்துச் சொன்னால் போதாது, காட்டுங்கள் என்றார் கண்காணிப்பாளர். வெளியே நிறுத்தப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட மாமன் மச்சான்களின் புகார்கள் அதற்குள் அவர் மேஜையில் மூக்கு உயரத்துக்கு ஏறியிருந்தன.

சிஸ்டர் பகுதி நேரமாக ஆராய்ச்சிப் படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். இதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். மௌன நேரம் வருவதற்கு முன்னால் அறுபது நோயாளிகள், வந்த பிறகு அறுபது பேர். தினமும் மூன்று மணிக்கு மதிய ஷிப்டில் இருப்பவர்கள், "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் உங்கள் வலி எவ்வளவு?" என்று கேட்டுக் கணினியில் பதிய வேண்டும். சிஸ்டருக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார்.

எல்லாம் வந்து சேர்ந்ததும் ஆசை ஆசையாகக் கூட்டி வகுத்தார். முன்னால் சராசரி ஐந்து. பின்னால் ஆறு.

வலி ஏறியிருந்தது. மறுபடி கூட்டினார், மறுபடி வகுத்தார், கணினியை ஒரு தட்டுத் தட்டினார். ஆறு அசையவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. அப்படியே மேலே அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் மௌன நேரத்தை நிறுத்திவிடலாம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததாக சிஸ்டருக்குப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். அண்ணி குரல் தெருமுனைவரை கேட்கவில்லையே, உடம்பு சரியில்லையோ என்று பதறிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தாள். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"படம் போட்டுப் பாத்தீங்களா அண்ணி?"

"என்ன படம்? அதான் சராசரி எடுத்தாச்சே."

"நூத்திருபது பேரு உங்களைப் பாக்க வந்திருக்காங்க. நீங்க சராசரின்னு ஒரே ஒருத்தர்கிட்ட பேசிட்டு, மத்தவங்களை வாசலோட அனுப்பிட்டீங்க."

மடிக்கணினியில் ஒரு தட்டில் முடிகிற வேலைதான். ஆனால் ஒரு தட்டில் வந்தது ஒரு தட்டில் மறந்துபோகும் என்பது நாத்தனாரின் கட்சி. வீட்டின் முன்னறைதான் சிஸ்டர் கணவரின் தையல் கடை. துணி வெட்டும் மேஜையில் சாக்குக்கட்டியால் நீளமாக ஒரு கோடு இழுத்து, பூஜ்யத்திலிருந்து பத்து வரை எழுதினாள். பட்டன் டப்பாக்கள் இரண்டு வந்தன. முன்னால் இருந்த ஆளுக்கு ஒரு நீலப் பட்டன், பின்னால் வந்தவருக்கு ஒரு சிவப்பு. அவரவர் சொன்ன எண்ணுக்கு மேலே வரிசையாக அடுக்க வேண்டும்.

"அதுல ஒண்ணு காணாமப் போச்சுன்னாலும் ஒருத்தர் கோட்டு நெஞ்சைத் திறந்துக்கிட்டு நிக்கும்," என்று தையல்காரர் எச்சரித்தார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

அடுக்க அடுக்க மேஜை பேச ஆரம்பித்தது. நீலப் பட்டன்கள் மூன்று, நான்கு, ஐந்து என்று நடுவில் குன்றுபோல் குவிந்தன; ஒன்பதில் மட்டும் தனியாக எட்டு. சிவப்புகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடது பக்கம் ஒதுங்கின. ஒதுங்கினால் வலி குறைந்தது என்றுதானே அர்த்தம் என்று சிஸ்டர் நிமிர்ந்தபோது ஒன்பதாம் எண்ணுக்கு மேலே சிவப்பு வரிசை கிளம்பியது. கிளம்பியது நிற்கவில்லை. கத்தரிக்கோலைத் தாண்டி, அளவு நாடாவைத் தாண்டி, மேஜை விளிம்பில் வந்து இனி இடமில்லை என்று எட்டிப் பார்த்தது. விட்டிருந்தால் கதவைத் திறந்துகொண்டு ரயில் நிலையம்வரை போயிருக்கும்.

தையல்காரர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "எட்டுல ஒண்ணு ரெண்டு பேரு, பத்துல ஒருத்தரு. ஒம்பதுல மட்டும் எதுக்கு பஸ் ஸ்டாண்ட் கூட்டம்?"

சிஸ்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த வரிசையை மட்டும் ஒரு கையால் வழித்துத் தள்ளப் போனார். நாத்தனார் எட்டி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காரணம் தெரியாம ஒரு பட்டனைத் தொடக்கூடாது அண்ணி. பிடிக்காததை எல்லாம் எடுத்துட்டா அதுக்குப் பேரு ஆராய்ச்சி இல்ல, அலங்காரம்."

காரணம் யாருக்குத் தெரியும்? மதிய ஷிப்டில் இருக்கும் குட்டி சிஸ்டருக்குத் தெரியலாம். குட்டி என்று பெயரே தவிர, வார்டுக் கதவில் குனிந்துதான் நுழைவாள். தொலைபேசியில் அவளைப் பிடித்து, ஏன் இத்தனை ஒன்பது என்று கேட்டார்கள். அவள் சர்வ சாதாரணமாகச் சொன்னாள்.

"அது தூங்குறவங்களுக்குப் போடுறது சிஸ்டர். கட்டத்தைக் காலியா விட்டா கணினி அடுத்த பக்கம் போகாது. வலிக்குதுன்னா ஜனங்க எட்டும்பாங்க, இல்ல பத்தும்பாங்க. ஒம்பதுன்னு யாருமே சொல்றதில்ல, சும்மாதானே கிடக்குதுன்னு நாங்க எடுத்துக்கிட்டோம். பின்ன, நல்லாத் தூங்குறவங்களை எழுப்பி வலிக்குதான்னு கேக்கவா முடியும்?"

சிஸ்டர் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே சிரித்தார் பாருங்கள், டப்பாவில் மிச்சமிருந்த பட்டன்கள் எல்லாம் துள்ளின. நோயாளிகள் தூங்கத் தூங்க ஒன்பது பெருகியிருக்கிறது. ஒன்பது பெருகப் பெருகச் சராசரி ஏறியிருக்கிறது. மௌன நேரம் ஜெயிக்க ஜெயிக்கக் கணக்கில் தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது!

நாத்தனார் அப்போதும் விடவில்லை. வாய்ச்சொல் போதாது, தூக்கமா விழிப்பா என்று வேறு எங்கேயாவது பதிவு இருக்கிறதா என்றாள். நாடி பார்க்கும்போது அதைத் தனியாகக் குறிப்பது வழக்கம். குட்டி சிஸ்டர் அதைத் தொலைபேசியில் வாசிக்க, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்கள். ஒன்பதில் இருந்த எட்டு நீலமும் தூக்கம். முப்பத்திரண்டு சிவப்பில் முப்பது தூக்கம். மீதி இரண்டு பேர் விழித்திருந்து, உண்மையாகவே ஒன்பது என்று சொன்னவர்கள். அந்த இரண்டு பட்டன்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

தூங்கினவர்களைத் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்தார்கள். அவர்களுக்கு வலியே இல்லை என்று எழுதலாமா என்று சிஸ்டர் ஆசையாகக் கேட்டார். தெரியாது என்றுதான் எழுத வேண்டும் என்றாள் நாத்தனார். விழித்திருந்தவர்களை வலி வரிசையில் நிற்கவைத்து நடு ஆளைப் பார்த்தார்கள். முன்னால் நடு ஆள் நான்கு என்றார். பின்னால் வந்தவர்களில் நடு ஆள் இரண்டு என்றார்.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சிஸ்டர் எண்களை வாசிக்கவில்லை. மேஜைப் பட்டன்களைப் புகைப்படமாகச் சுவரில் காட்டினார். எட்டுத் தூக்கம் முப்பதானதைச் சொன்னார், நடு ஆளைச் சொன்னார். இது முழுக்க மௌனத்தால்தான் என்று இந்த ஆய்வை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது என்பதையும் அவரே சொன்னார். கண்காணிப்பாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, வேண்டாததைக் கழித்துவிட்டு வேண்டியதைக் காட்டுகிறீர்களா என்று நேராகவே கேட்டார்.

சிஸ்டர் சுவரில் இருந்த அந்த இரண்டு சிவப்புப் பட்டன்களைத் தொட்டுக் காட்டினார். "இவங்களையும் எடுத்திருந்தா என் கணக்கு இன்னும் அழகா இருந்திருக்கும் சார். வலிக்குதுன்னு சொன்னவங்களை எடுக்க எனக்கு மனசு வரல, உரிமையும் இல்ல."

கண்காணிப்பாளர் தோள் குலுங்கச் சிரித்தார். "நோயாளிங்க தூங்கினதுக்கா நான் உங்களுக்கு மார்க்கைக் குறைச்சேன்?" என்றார். மௌன நேரம் எல்லா வார்டுக்கும் உண்டு, மருந்து வண்டிகள் அத்தனைக்கும் எண்ணெய் உண்டு, கணினியில் தூக்கத்துக்கென்று தனிக் கட்டம் உண்டு, அடுத்த ஆய்வுக்கு எல்லா வார்டும் சிஸ்டர் கையில் என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். மாமன் மச்சான்களுக்குத் தானே பதில் எழுதிக்கொள்வதாகவும் சொன்னார்.

சிஸ்டர் வார்டுக்கு ஓடியபோது மணி இரண்டரை. மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்த வேண்டும் என்று தொண்டைவரை வந்துவிட்டது. உள்ளே வரிசையாகக் கட்டில்கள், வரிசையாகக் குறட்டைகள். வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். புரிந்துகொண்ட குட்டி சிஸ்டர் ஒரு வார்த்தை பேசாமல் அவரை இடுப்போடு தூக்கி, இரண்டு கட்டில்களுக்கு நடுவே தட்டாமாலை சுற்றினாள். மற்றவர்கள் உள்ளங்கை படாமல் கை தட்டினார்கள்.

அப்படியும் செருப்பு ஒன்று கழன்று தரையில் விழுந்தது. ஓரக் கட்டில்காரர் ஒரு கண்ணைத் திறந்து, அந்தரத்தில் இருந்த பெரிய சிஸ்டரைக் கடுமையாக முறைத்து, உதட்டின் மேல் விரலை வைத்தார்.