விரிப்பின் மூலை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனில் எங்கள் மாதர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள்: பொருளாதார நெருக்கடிக் காலத்தில் சிறு கடைகள் அரசாங்க டெண்டர் எடுப்பது எப்படி. விஞ்ஞானம் படித்த பிள்ளை, அளவாக எழுதும் என்று நம்பினார்கள்.

எழுதினேன். கடையைப் பதிவு செய்யுங்கள். பெரிய கம்பெனிகள் விலகும் நேரம் பார்த்து, சிறிய அளவில் கேட்கும் அறிவித்தல்களைத் தேடுங்கள். தனியாக முடியாவிட்டால் இன்னொரு கடையோடு

அங்கே பேனா நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த அந்த இன்னொரு கடை டெல்சி அக்காவுடையது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'லிந்துலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு' — வேண்டாம். அன்று நல்ல வெயில்.

என் சித்தி காளியாயி லிந்துலைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். விலைவாசி ஏறிய பிறகு புதுத்துணி தைக்க ஆள் வரவில்லை. மூன்று மெஷினில் ஒன்றை விற்றாயிற்று. கடையையே மூட வேண்டிய நிலையில், அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்று படுக்கை விரிப்பு தைக்க விலை கேட்டது. மாதாமாதம் அவ்வளவு தைக்க எங்கள் மெஷின்கள் போதாது.

"ரெண்டு கட சேர்ந்தா முடியும் சித்தி" என்றேன். (இந்தக் கதையில் நான் பேசும் ஒரே வசனம்.)

எதிர்க்கடை டெல்சி அக்கா முன்பு சித்தியிடம் வேலை செய்தவர். (வேதக்காரர்; நத்தார், அதாவது கிறிஸ்மஸ், கொண்டாடுகிறவர். இது பின்னால் தேவைப்படும்.) அவர் தனிக்கடை போட்டதிலிருந்து இருவரும் முகம் பார்ப்பதில்லை.

3

சித்தி தெருவைக் கடந்ததை இரண்டு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

"வாங்கக்கா. மூணு வருஷமாச்சு. பஸ் கெடைக்கலியா?"

"டீசல் இல்லன்னாங்க."

டெல்சி அக்கா சிரித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

4

முந்தைய பிரதியில், இரண்டு கடையும் சேர்ந்து கேட்ட டெண்டரின் விலை உறைகளை ஆஸ்பத்திரியில் திறந்த அன்று நான் எழுந்து சிங்களத்தில் பேசுகிறேன். அப்படி எழுந்து பேசும் அந்தப் பெண்ணை என்னால் நம்ப முடியவில்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன்.

எங்கள் விலைதான் குறைவு. ஆனால் அதிகாரி (பௌத்தர்; வெசாக் அவருடைய பண்டிகை) சிங்களத்தில் கேட்டார்: தீபாவளிக்கு நீங்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போனால் நோயாளி எதில் படுப்பார்?

சிங்களம் புரிந்தாலும் பேச வராத சித்தி டெல்சி அக்காவின் பக்கம் திரும்பினார். "தீபாவளிக்கு நீ தைப்ப. நத்தாருக்கு நான் தைப்பேன். வெசாக்குக்கு ரெண்டு பேரும் தைப்போம்னு சொல்லு."

டெல்சி அக்கா சிங்களத்தில் சொன்னார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். டெண்டர் எங்களுக்குக் கிடைத்தது.

5

முடிவு (அ): இரண்டு கடையும் ஒன்றாகின்றன.

முடிவு (ஆ): ஒப்பந்தம் முடிந்ததும் மறுபடியும் அவரவர்

இரண்டையும் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். "முடிவு என்னாத்துக்கு? போயி நூலு வாங்கிட்டு வா" என்றார்.

நூல் வாங்கி வரும் வழியில் நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைத்துக்கொண்டேன். சந்தேகத்தை மனதில் வைத்து எங்களை ஒதுக்காமல், வாய்திறந்து கேட்ட அந்த அதிகாரி. ஒரு ஸ்டூல்.

முடிவை உங்களிடமே விடுகிறேன். விரிப்பின் நீள ஓரத்தைச் சித்தி தைக்கிறார். பிறகு அது தெருவைக் கடந்து போகிறது. அகல ஓரத்தை டெல்சி அக்கா தைக்கிறார். நீங்கள் அந்த வார்டில் படுக்க நேர்ந்தால் (வேண்டாம், யாரையாவது பார்க்கப் போனால்) மூலையைப் பாருங்கள். இரண்டு தையலும் அங்கேதான் சந்திக்கின்றன.

பிரியுமா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள்.