வேலிக்கு நேர் மேலே ஒரு காய்

1

இதைச் சோகக் கதையாகத்தான் எழுத உட்கார்ந்தேன். மலை, தனிமை, ஒரு பெரிய மரம். முதல் வரிகூடத் தயாராக இருந்தது: "மௌனத்துக்கும் எடை உண்டு என்பதை அவள்..."

அந்த இடத்தில் தலையைத் தூக்கினேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு ஹெல்மெட்டுகள் தெரிந்தன. சோகம் கெட்டுப்போயிற்று. கெட்டுப்போனதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

2

ஹெல்மெட்டுகளுக்குக் கீழே இருப்பவர்கள் என் எதிர்வீட்டுக்காரர்கள். வெர்னா ஸ்டாடர்ட், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகனுடைய பழைய பேஸ்பால் ஹெல்மெட்டைப் போட்டிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் ரமீரோ கெசாடா, ஊருக்கெல்லாம் குழாய் சரிசெய்பவர். தலையில் கட்டட வேலைக்கான மஞ்சள் ஹெல்மெட். ஆளுக்கொரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேலே இருப்பது கூல்டர் பைன். இந்தக் கலிபோர்னிய மலைகளின் சொந்த மரம். பைன் காய்களில் இதைவிடக் கனமானது கிடையாது:* பச்சைக் குழந்தையின் எடை, கழுகு நகம் போன்ற முட்கள். இலையுதிர் காலத்தில் இதன் அடியில் காரை நிறுத்துகிறவர் வெளியூர்க்காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

(* பாடப்புத்தகம் கூம்பு என்று சொல்லும். தலையில் விழுந்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.)

மரம் வெர்னாவின் தோட்டத்தில் நிற்கிறது. ஒரு கிளை மட்டும் வேலி தாண்டப் பார்க்கிறது. அதன் நுனியில், வேலிக்கு நேர் மேலே, ஊரிலேயே பெரிய காய். சனிக்கிழமை மலைத் திருவிழாவில் கனமான காய்க்கு முதல் பரிசாக நீல ரிப்பன் உண்டு. விதி பழையது: பறிக்கக் கூடாது, உலுக்கக் கூடாது. தானாக விழ வேண்டும்; யார் மண்ணில் விழுகிறதோ அவருடையது.

3

ரமீரோவை என்னால் நம்ப முடியவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு காயையும் அவர் போட்டிக்குக் கொண்டுபோனதில்லை. ரிப்பனுக்கு ஆசைப்படும் மனிதரும் அல்ல. பிறகு ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார்?

[இங்கே அவருடைய இளமைக்காலம் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அதில் உண்மை எதுவும் இல்லை.]

உண்மை இதுதான். நான்கு வருடத்துக்கு முன்பு தீயணைப்பு நிலையத்தில் சமையல் போட்டி. ரமீரோ, பீன்ஸ் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சும் தன் சில்லிக் குழம்பை வைத்தார். நடுவர் வெர்னா. ருசி பார்த்துவிட்டு, "பீன்ஸ் ரசம் சுமார்" என்றார். அரங்கமே சிரித்தது. அன்றோடு பேச்சு நின்றது.

மௌனம் எனக்குப் பிடிக்கும். புத்தகத்தில் இருவர் பேசாமல் இருக்கும் பக்கங்களை இரண்டு முறை படிப்பேன். ஆனால் அடுத்தவர் குப்பைத் தொட்டியை உள்ளே எடுக்கும்வரை தன் தொட்டியை வெளியே வைக்காமல் கதவுக்குப் பின்னால் நிற்கிற மௌனம் வேறு ஜாதி.

4

முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள் ரமீரோ தொடங்கினார்:

"அந்த ஹெல்மெட் உங்களுக்குச் சின்னதா இருக்கு."

"தலைக்கனம் இருக்கறவங்க இந்தப் பக்கம் யாருமில்ல."

(அவர்கள் பேசியது ஆங்கிலம். அதில் நீ, நீங்க கிடையாது. அந்தக் குளிருக்கு நான்தான் 'ங்க' போட்டேன்.)

அதற்கும் மறுநாள்:

"காத்தடிச்சா உங்க பக்கம்தான் விழும்."

"ஏன், காத்துக்கும் குழாய் மாட்டிட்டீங்களா?"

"பஸ் நெறையப் பிள்ளைங்கள சத்தமில்லாம உக்கார வெச்சவங்க. ஒரு காய எறங்க வைக்க முடியலையாக்கும்."

"பிள்ளைங்க சொன்னாக் கேக்கும். இது உன்ன மாதிரி, ரமீரோ. புடிச்சாப் புடிதான்."

எழுதிவிட்டுப் பார்த்தேன். 'உன்ன' என்று இருந்தது. அது நான் போட்டதல்ல.

5

இப்போது என் சங்கடம். காய் விழுந்துவிட்டால் நாற்காலிகளை மடித்துவிடுவார்கள். அப்புறம் பேச என்ன சாக்கு? அதனால்தான் இவ்வளவு நேரமாக விழவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கிறேன். கவனித்திருப்பீர்கள்.

முடிவு அ: வெர்னா பக்கம் விழுகிறது. ரமீரோ எழுந்து உள்ளே போய்...

முடிவு ஆ: ரமீரோ பக்கம். வெர்னா "வாழ்த்துகள்" என்கிறார். இன்னும் மோசம்.

முடிவு இ: வேலிமேலேயே விழுந்து இரண்டாகப் பிளக்கிறது. எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது.

6

வெள்ளிக்கிழமை, மதியம் சாய்கிற நேரம். இரவுக்குள் பாலைக்காற்று வரும் என்று வானொலி சொல்லிவிட்டது. ரமீரோ வேலிக்கு மேலாக ஒரு கிண்ணத்தை நீட்டினார். ஆவி பறந்தது.

"என்ன இது?"

"பீன்ஸ் ரசம்."

வெர்னா வாங்கவில்லை. "எனக்குப் பொய் சொல்ல வராது. தெரியுமில்ல?"

"தெரியும். அதான் நாலு வருஷமா வேற யாருக்கும் குடுத்துப் பாக்கல."

வெர்னா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கரண்டியால் ஒருமுறை கலக்கினார். ஒரு வாய் எடுத்து வைத்தார். கிழக்கிலிருந்து முதல் காற்று வந்தது. மேலே காம்பு முனகியது.

7

இதற்குமேல் எழுதப்போவதில்லை. காம்பு இனி உங்கள் கையில். எந்தப் பக்கம் விட்டாலும் எனக்குச் சம்மதம். வேலிமேலேயே விட்டாலும் சிரிக்கமாட்டேன்.

கொஞ்சம் பொறுத்து விடுங்கள், அது போதும். வெர்னா இன்னும் விழுங்கவில்லை. முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. ரமீரோவோ, அந்த மரத்தடியில் எங்கள் ஊரில் பிறந்த யாரும் செய்யாத காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறார்: ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேலே பார்க்காமல், வெர்னாவின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.