வீட்டுக்காரனுக்கு யார் அழைப்பு வைப்பார்கள்

எங்கள் கடையின் மின்னஞ்சல் பட்டியலில் முதல் பெயர் என் கணவருடையது. கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று சோதித்துப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அஸ்பாக், கட்டார் என்று பதிந்தேன். லண்டனும் டொரொண்டோவும் அவருக்குப் பிறகு வந்து சேர்ந்தவைதான்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காத்தான்குடியில் வாவிக்கரைப் பக்கம் நிஸ்றா ராத்தா வீட்டின் முன்னறைதான் கடை. அக்காவை நாங்கள் ராத்தா என்போம். இவர் எனக்கு இரத்த உறவில்லை, அடுத்த வளவு வீட்டுக்காரர். ஆண்கள் இடுப்பில் உடுக்கும் கைத்தறிச் சாரமும் பெண்களுக்குச் சேலையும் வாங்கி வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு அனுப்புகிறார். என் வேலை கடிதம் எழுதுவது. வியாழன் மாலையில் அனுப்புவேன். வெள்ளி வளைகுடாவில் விடுமுறை, ஆறுதலாக வாசிப்பார்கள் என்று ராத்தாவிடம் காரணம் சொல்லியிருந்தேன். வளைகுடாவில் ஒரே ஓர் ஆள் வாசிக்க வேண்டும் என்றுதான் நான் ஏங்கினேன் என்பது ராத்தாவுக்குத் தெரியாமல் இருக்காது.

தொலைபேசியில் எங்களால் பேச முடிவதில்லை. அவர் அறையில் ஆட்கள் நிறைய. சாப்பிட்டாயா, உம்மாவுக்குச் சுகமா, பிள்ளை பள்ளிக்குப் போனாளா, அவ்வளவுதான் பேச்சு. சொல்ல நினைத்ததையெல்லாம் கடிதத்தில் வைத்தேன். சேலையின் நிறத்தைச் சொல்லுகிற சாக்கில், மழை பெய்து வாவித் தண்ணீர் படித்துறைக்கு ஏறியதை எழுதுவேன். முற்றத்து முருங்கை பூத்திருக்கிறது, இந்தச் சாரத்தின் கரை அந்தப் பூவின் நிறம் என்பேன். வாசிக்கிறவர்கள் சாரத்தைப் பார்ப்பார்கள். அவர் முருங்கையைப் பார்க்க வேண்டும். அவர் நட்ட முருங்கை அது.

யார் கடிதத்தைத் திறந்தார்கள் என்று கணினி காட்டிவிடும். திறந்தவர் பெயர் பச்சை, நெடுநாள் திறக்காதவர் பெயர் சாம்பல். போன நோன்பு வரைக்கும் அவர் பெயர் பச்சையாக இருந்தது. பிறகு கம்பெனி அவரை வேறு தொழிலாளர் முகாமுக்கு மாற்றியது. அங்கே போன பிறகு முகம் பார்த்துப் பேசுவதும் நின்றது, வெறும் குரல் மட்டும். கொஞ்ச நாளில் பெயரும் சாம்பலாகிவிட்டது. கடிதம் வாசித்தீர்களா என்று கேட்டால், வாசித்தேன், நல்லா இருக்கு என்பார். பொய் சொல்கிறார் என்று திரை எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் இதை மட்டும் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை. கேட்டு வாங்குகிற அன்பு ஓர் அன்பா என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் நிஸ்றா ராத்தா வந்து, பட்டியலில் பாதிப்பேர் தூங்குகிறார்கள் என்றார். திறக்காதவர்களுக்கே அனுப்பிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்குப் போகிற கடிதமும் குப்பைப் பெட்டியில் விழுமாம். தூங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு கடிதம் போட வேண்டும். அடியில் 'இருக்கிறேன்' என்று ஒரு பொத்தான். ஒரு கிழமைக்குள், ஏழு நாளுக்குள், அழுத்தினால் இருக்கலாம், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டும். விலைக்கழிவு தருகிறோம் என்று எழுது என்றார்.

விலைக்கழிவுக்கு வருகிறவர் விலைக்கழிவு முடிந்ததும் போய்விடுவார் என்றேன். எங்கள் ஊரில் கலியாணம் சொல்வதற்குக் கார்டு மட்டும் அனுப்புவதில்லை. பெண்கள் இரண்டு பேராய் வீடுவீடாகப் போவார்கள். இருந்து, தேத்தண்ணி குடித்து, சுகம் விசாரித்து, 'நீங்க வராட்டிச் சரிவராது' என்று சொல்லிவிட்டுத்தான் எழும்புவார்கள். கார்டு மட்டும் போன வீட்டில் இருந்து யாரும் வரமாட்டார்கள்; வந்தாலும் முகம் கொடுக்கமாட்டார்கள். அப்படித்தான் எழுதினேன். உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறோம், நீங்கள் இல்லாமல் சரிவராது என்று.

எழுதும்போது ஒரு வாசலைத்தான் நினைத்தேன். அந்த வாசலை நான் கண்டதே இல்லை.

தூங்கினவர்கள் எழும்பினார்கள். லண்டனில் இருக்கும் ஏறாவூர்ப் பெண் ஒருத்தி, வாசித்து அழுதேன் என்று பதிலே போட்டாள். பெரியகல்லாற்றுக்காரர் ஒருவர் மனைவிக்குச் சேலை கேட்டார். ராத்தாவுக்கு வாயெல்லாம் பல். நான் பட்டியலின் தலையில் இருந்த சாம்பல் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

கிழமை முடிந்தது. உன் மாப்பிள்ளையின் பெயரை விட்டுவிடு, ஒன்று கிடந்தால் என்ன என்றார் ராத்தா. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று அழுத்திவிட்டேன். பெயர் போனதும், எங்கள் வீட்டு வாசலில் அவருடைய பெட்டியை எடுத்து வைத்ததுபோல இருந்தது. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுகிறவர். உறவு முறிந்தால் பெட்டியோடு இறங்குகிறவரும் அவர்தான்.

அந்த வியாழக்கிழமைக் கடிதம் அவர் இல்லாமல் போனது. மறுநாள் நான் கடையில் திரைமுன் இருந்தபோது, ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் அழைப்பு எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"நேத்துக் கடிதம் வரல்ல."

"நீங்கதான் வாசிக்கிறல்லயே," என்றேன்.

அவர் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைப்போலச் சொல்ல ஆரம்பித்தார். முருங்கைப்பூ நிறத்துச் சாரம். படித்துறைக்கு ஏறிய தண்ணீர். எங்கள் மகள் நீலச் சேலைத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மணப்பெண் விளையாடியதை, பெயர் சொல்லாமல் 'ஒரு சின்னப் பெண்' என்று நான் எழுதியதுகூட. ஒன்றும் விடவில்லை.

பிறகு ஏன் கணினியில் காட்டவில்லை என்று கேட்டேன். புதிய முகாமில் வைஃபை இல்லை, கைபேசி டேட்டா கரைந்துவிடும் என்று படங்களை நிறுத்தி வைத்திருக்கிறார். எழுத்து மட்டும்தான் வரும். கடிதத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுப் படம் இருக்கிறது. அது இறங்கினால்தான் திறந்ததாகக் கணக்கு. வேலைக்குச் சேர்ந்தபோது ராத்தா சொல்லித் தந்த பாடம் இது. மற்ற எல்லாருக்கும் பொருத்திப் பார்த்திருப்பேன். அவர் விஷயத்தில் என் புத்தி புல் மேயப் போய்விட்டது.

"அப்ப அந்தப் பொத்தான ஏன் அழுத்தல்ல?"

"அது கலியாணம் சொல்ற மாதிரி இரிந்திச்சி. ஊட்டுக்காரனுக்கு யாரு புள்ள கலியாணம் சொல்லுவா? வெளி ஆக்களுக்கு எண்டு உட்டுட்டன்."

அழுகை வந்தது. மறைக்கவில்லை. உங்களை எடுத்துவிட்டேன் என்றேன். எடுத்த பெயரை நானாகச் சேர்க்க முடியாது. அவராகவே சம்மதம் கொடுக்க வேண்டும், அதுதான் விதி. புதிதாக ஓர் அழைப்பை அனுப்பிவிட்டுச் சொன்னேன்.

"இப்ப நான் கூப்பிர்றன். வாங்க மச்சான்."

"கடிதத்துக்கா?"

"ஊட்டுக்கு."

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள், யாரோ கதவைச் சாத்தினார்கள். அவர் அறையைவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும், காற்றுச் சத்தம் கேட்டது.

"போன முறை எக்ரிமென்ட் முடியக்குள்ள உனக்கிட்டக் கேட்டன், இன்னும் ரெண்டு வருசம் போடட்டா எண்டு. நீ உங்கட விருப்பமெண்டு சொன்னா. நீ வாங்க எண்டு சொல்லுவா எண்டு பாத்தன்." மூச்சை இழுத்துவிட்டார். "ஊட்டுக்காரனயும் ஒருக்காக் கூப்பிடோணும் புள்ள."

அன்று நான் என்ன நினைத்து அப்படிச் சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய வீடு, அவர் வருவார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

திரையில் பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் வந்து விழுந்தது. ராத்தா பின்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுத்த வியாழன் கடிதத்தில் நான் படமே வைக்கவில்லை, அந்தப் பொட்டைக்கூட.