துப்பினால் இரண்டு புள்ளி

எங்கள் கம்பெனி செய்யும் விளையாட்டில் ஓட வேண்டாம், சுட வேண்டாம். பாழடைந்த அரண்மனையில் கண்ணில் பட்டதையெல்லாம் கிளிக் செய்து, பூட்டிய கதவுகளைத் திறக்க வழி தேட வேண்டும். தொடக்கத்தில் பிரபு, வீரன், திருடன் என்று ஒரு வேடம் எடுக்கலாம். வேடத்துக்கு ஏற்றபடி நடந்துகொண்டால் புள்ளி ஏறும். பார், பேசு, எடு என்று எந்தப் பொருளை என்ன செய்தாலும் திரையில் ஒரு வசனம் வரவேண்டும். அதை எழுதுவது நான். எழுதாமல் விட்டால் ‘அது நடக்காது’ என்று விளையாட்டே போட்டுக்கொள்ளும்.

கடைசித் திரையில் ‘வசனம்’ என்று என் பெயர் வரும். இந்தத் தொழிலில் அந்த ஒரு வரியைக் காட்டினால்தான் அடுத்த இடத்தில் உள்ளேயே விடுவார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். அந்த வரிக்காக அம்மா ஆஸ்பத்திரி வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். அங்கேதான் தரை துடைக்கிறாள்.

ஒருநாள் முதலாளி நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“அரண்மனையில தரை துடைக்கிற ஆயா ஒருத்தியை வைக்கிறோம். பிரபு அவ துடைச்ச இடத்துல துப்பலாம். துப்பினா அதிகாரம் ரெண்டு புள்ளி ஏறும். அவ புலம்பிக்கிட்டே திரும்பத் துடைப்பா. புலம்பல் எழுதிக்கொடு. சிரிப்பா இருக்கணும்.”

“இதுல என்ன சார் சிரிப்பு?”

“உனக்குத் தெரியாததாம்மா? வீட்டுல கேட்டாலே அம்பது வசனம் தேறுமே.”

வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மாவின் வேலையை நானேதான் சொன்னேன். மறைக்க அதில் என்ன இருக்கிறது? “கிரேட்” என்று கைகுலுக்கினார். இப்போது அவர் பிடித்த என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

நான் ஒரு வசனமும் எழுதவில்லை. இடத்தைக் காலியாக விட்டேன். வசனம் இல்லாவிட்டால் காட்சியைத் தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

வாரக் கடைசியில் எல்லோரும் கூடி விளையாட்டை ஆடிப் பார்த்தோம். கொசு என்று நாங்கள் கூப்பிடும் புரோகிராம்காரன் பிரபு வேடம் போட்டான். ஆயா குனிந்து துடைத்தாள். கொசு கிளிக் செய்தான். பச்சையாய் ஒரு கோழை தரையில் விழுந்தது. புள்ளி ஏறியது. கீழே எழுத்து வந்தது: அது நடக்காது.

அறையே சிரிப்பில் குலுங்கியது.

“துப்பியாச்சு, நடக்காதுங்கறா பாரு!” கொசுவுக்கு மூச்சு முட்டியது. மறுபடி துப்பினான். மறுபடி சிரிப்பு. படம் வரைபவன் எழுந்து வந்து, “நகருடா, நானும் ஒரு தடவை” என்று மவுஸைப் பிடுங்கினான்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “எழுதாமலே எழுதியிருக்க! இதை அப்படியே வைக்கிறோம். உன் பேரை முதல்ல போடச் சொல்றேன்.”

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

“அந்த ஆயாவை எடுத்துடுங்க சார்.”

“பொம்மைம்மா அது. பொம்மைக்கு ரோஷம் வருமா?”

“அப்போ என் பேரை எடுத்துடுங்க.”

“பேரு இல்லாம அடுத்த கம்பெனியில எதைக் காட்டுவ? மூஞ்சியையா?”

கொசுவின் கணினியிலேயே கடைசித் திரையைத் திறந்து, என் பெயரை நானே அழித்தேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. மாடிப்படியில் இறங்கும்போதும் அந்தச் சிரிப்பு பின்னாலேயே வந்தது.

அம்மா வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“பேரு எப்போடி வருது? வார்டுல அக்காமாரெல்லாம் கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கறாங்க.”

“வராதும்மா. நான்தான் எடுத்துட்டேன். வேலையும் விட்டாச்சு.”

“ஏன்டி? யாராவது கையைக் கிய்யைப் பிடிச்சானா?”

“இல்ல.”

“பின்ன என்னடி உனக்குக் கேடு? நான் நாளைக்கு அவளுங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?”

வாயைத் திறந்தேன். சொன்னால் அவன்கள் துப்பியதை நானே எடுத்துவந்து அவள் முன்னால் வைத்ததாகிவிடும். மூடிக்கொண்டேன்.

“திமிரு. படிச்ச திமிரு” என்று அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திட்டட்டும் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.